இடது காலுக்கு வேலை வைக்காத வண்டி

கோச்சடை, மதுரை
12.9.1981

செல்ல மருமகள் தவமணிக்கு,

உன் தாய்மாமனும், கோச்சடை மோட்டார் பட்டறையின் ஏக சக்கரவர்த்தியும், பிறந்ததிலிருந்து பொய் என்றால் எந்த நிறம் என்றே அறியாதவனுமான கருத்தக்கண்ணன் எழுதிக்கொண்டது.

ஒருவரும் நம்பாத ஒரு கதையை உனக்குச் சொல்லப்போகிறேன். முத்தையா சாமி கோயில் குதிரைச் சிலையின் தூக்கிய குளம்பைத் தொட்டுச் சத்தியம் பண்ணிவிட்டுத்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன். வைகையில் இரு கரையும் புரளத் தண்ணீர் போகிறது என்று சொன்னால்கூட ஊரில் நாலு பேர் நம்பிப் போய் எட்டிப் பார்ப்பார்கள். இதை நம்பமாட்டார்கள். நீயும் நம்பமாட்டாய். ஆனாலும் கேள்.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் கதை என்றால் ஆதியிலிருந்து வரவேண்டும். உன் அப்பா, என் மச்சான் மலைச்சாமிக்குச் சின்ன வயதில் வந்த வாதத்தில் இடது கால் சூம்பிப் போனது. கிளட்ச் மிதிக்க முடியாத மனுஷன் கார் ஓட்ட ஆசைப்பட்டார். மலை எஸ்டேட் துரை ஒருத்தன் கப்பலேறும்போது விட்டுப்போன அமெரிக்கக் காரை வாங்கிக்கொண்டு வந்தார். ஆட்டோமேட்டிக் கியர், கிளட்ச்சே கிடையாது. "இடது காலுக்கு வேலை வைக்காத வண்டிடா மாப்ள" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நீளம் எவ்வளவு என்கிறாய்? முன் பம்பர் கோச்சடையில் நிற்கும்போது பின் பம்பர் துவரிமானில் நிற்கும்.

அந்த வண்டிக்கு ஒரு குணம். கியரைப் போட்டுப் பிரேக்கை விட்டால் போதும், ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே கன்றுக்குட்டி மாதிரி மெள்ள நகரும். மச்சான் விடியக்காலம் மண்டிக்குக் கிளம்பும்போது உள்ளே ஏறமாட்டார். வெளியே நின்று ஜன்னல் வழியாகக் கையை விட்டு வண்டியை நகரவைத்து, ஒரு கையில் தடி, மறு கை கார்க் கதவில், ஷெட்டிலிருந்து கேட் வரைக்கும் கூடவே விந்தி விந்தி நடந்து வருவார். என் அக்கா, அதாவது உன் அம்மா, கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பாள். அவர் அங்கே ஏறி உட்கார்ந்து போவார். கல்யாணமாகி எத்தனை வருஷமானாலும் அந்த ஊர்வலம் ஒரு நாள் நின்றதில்லை.

மச்சான் போய் வருஷம் திரும்பப்போகிறது. நீ பம்பாயிலிருந்து உத்தரவு போட்டுவிட்டாய்: முதலில் காரை விற்க வேண்டும், பிறகு வீட்டை, பிறகு அக்காவை உன்னோடு அனுப்ப வேண்டும். சரி தாயே. ஆனால் சும்மா கிடந்ததில் அந்த ஆட்டோமேட்டிக் பெட்டி செத்துப்போயிருந்தது. அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவன் கன்னியாகுமரிக்கு வடக்கே நியூயார்க் வரைக்கும் கிடையாது. கல்யாண ஊர்வலத்துக்குக் கார் விடும் சௌரிராஜன் வந்து பார்த்து, "கிளட்ச் கியரா மாத்திக் குடுங்கண்ணே, கண்ண மூடிக்கிட்டு எடுத்துக்கறேன்" என்றார்.

மாற்றினேன்! திண்டுக்கல் காயலான் கடையில் இதே ஜாதி வண்டி ஒன்றின் எலும்புக்கூடு கிடந்தது. அதிலிருந்து கியர் பெட்டி, ஃப்ளைவீல், கிளட்ச், பெடல் எல்லாவற்றையும் பெயர்த்துக்கொண்டு வந்தேன். என் மெக்கானிக் சோணை, எஞ்சின் தண்டின் பின்முனையில் புது கியர் உட்காரப் பித்தளைப் புஷ் கடைந்து அடித்தான். மூன்றாவது பெடலுக்காகத் தரையில் ஓட்டை போட்டோம். இந்த ஆபரேஷனைப் பார்த்திருந்தால் அமெரிக்காவில் அரை நாள் லீவு விட்டிருப்பார்கள்.

அக்கா மட்டும் வந்து அந்தப் புதுப் பெடலை ரொம்ப நேரம் பார்த்தாள். "ஏண்டா, அவருக்கு இடது கால் ஆகாதுன்னு தெரியாதா ஒனக்கு? வந்தா எப்படி ஓட்டுவாரு?" என்றாள். நான் ஸ்பானரைத் தேடுகிற சாக்கில் வண்டிக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டேன்.

ஆனால் நம்பமுடியாத சங்கதி இதுவல்ல. அன்று சாயங்காலம் வண்டியை அக்கா வீட்டு ஷெட்டில் விட்டேன். ஹேண்ட் பிரேக் சரியாகப் பிடிக்காது என்று முதல் கியரில் போட்டு நிறுத்தினேன். கியரில் கிடக்கும் வண்டி மலைமாதிரி நிற்கும். எவனும் கிளப்பிக்கொண்டு போகக்கூடாது என்று எஞ்சினிலிருந்து ரோட்டாரைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டேன். அந்தச் சின்னத் துண்டு இல்லாமல் தேவேந்திரனே வந்தாலும் எஞ்சின் பிடிக்காது.

விடிந்து வந்து பார்க்கிறேன். கார் கேட்டுக்கு வந்து நிற்கிறது.

இப்படிக்கு,
ஈரக்குலை நடுங்கும் உன் மாமன்,
கருத்தக்கண்ணன்


மாதுங்கா, பம்பாய்
21.9.1981

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஆபீசில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். சிரிப்பு வரவில்லை.

உங்களுக்கு அந்தக் காரை விற்க மனசில்லை. வீட்டை விற்க மனசில்லை. உங்கள் அக்காவை அனுப்ப மனசில்லை. அதை நேராக எழுதியிருக்கலாம். பேயை எதற்கு வேலைக்கு வைக்கிறீர்கள்? ஷெட் தரை கேட்டுப் பக்கம் சரிவாக இருக்கும். ஹேண்ட் பிரேக் பிடிக்காது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உருண்டிருக்கும்.

அந்தக் கார்மேல் எனக்கு ஒரு பாசமும் கிடையாது மாமா. காலேஜ் படிக்கும்போது ஒரு தடவை, ஒரே தடவை, ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேட்டேன். "ரெண்டு காலும் நல்லா இருக்கிறவ எதுக்கு நொண்டி வண்டிய ஓட்டணும்? போயி கிளட்ச் வண்டி ஓட்டிப் பழகு" என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். டிரைவர் சீட்டில் உட்காரக்கூட விடவில்லை. இங்கே வந்து காசு கட்டிப் பழகி லைசென்ஸ் வாங்கினேன். அதை அவருக்கு எழுதினேன். பதில் இல்லை. கடைசியில் உங்கள் தந்தி கிடைத்து நான் ரயிலேறி வந்து சேர்ந்தபோது காடாற்றுச் சடங்கும் முடிந்துவிட்டது.

அம்மா அங்கே தனியாக இருக்க வேண்டாம். தீபாவளிக்குள் சௌரிராஜனிடம் வண்டியைக் கொடுத்துவிடுங்கள்.

தவமணி


கோச்சடை
3.10.1981

மகாராணி தவமணி அவர்களின் சமூகத்துக்கு,

சரிவு என்று தீர்ப்பு எழுதிவிட்டாய். அப்பீல் செய்கிறேன். ஷெட் வாசலில் ஒரு முழுத் தேங்காயை வைத்து உருட்டிவிட்டேன். அது கேட்டுப் பக்கம் போகவில்லை. திரும்பி ஷெட்டுக்குள்ளேயே போய்ப் பின் சக்கரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. ஆகவே தரை மேற்கே சரிவு, வண்டி போனது கிழக்கே. பள்ளத்திலிருந்து மேட்டுக்கு உருளும் கார் உலகத்திலேயே நம் வீட்டில்தான் இருக்கிறது. இதற்கு நாம் டிக்கெட் போட்டு வசூலிக்கலாம்.

வண்டி இப்போது வாரத்தில் பாதி நாள் கேட்டுக்கு வந்துவிடுகிறது. ரோட்டார் என் மடியில். கியர் முதல் கியரில். சோணை ஷெட்டுக்குள் தனியாகப் போகமாட்டேன் என்கிறான். "அண்ணே, எனக்குப் பெரியவர்கிட்ட ஒரு வம்பும் இல்ல, பெட்டிய மாத்தச் சொன்னது நீங்கதான்னு ஒரு வார்த்த சொல்லிவைங்க" என்று என்னைக் காட்டிக்கொடுக்கிறான். போதாததற்கு இந்த வண்டி பேட்டரியை வேறு தின்கிறது. எத்தனை தடவை சார்ஜ் போட்டாலும் இறங்கிவிடுகிறது. கழற்றிப் பட்டறைக்குத் தூக்கிப் போவதும் திரும்பக் கொண்டுவந்து மாட்டுவதுமாக என் முதுகுத்தண்டு வில்லாக வளைந்துவிட்டது. நாண் கட்டினால் அம்பு விடலாம்.

போன வியாழக்கிழமை உச்சம். கேட் சாத்தியிருந்தது. கார் கேட்டில் மூக்கை வைத்துக்கொண்டு, மாடு வாசலில் நின்று கூப்பிடுமே, அந்த மாதிரி நின்றது. அன்று அக்கா ஒரு வார்த்தை சொன்னாள். அதைக் கடிதத்தில் எழுத எனக்குத் தைரியம் இல்லை.

சௌரிராஜன் இதைக் கேள்விப்பட்டார். அவ்வளவுதான். அவர் ஓடிய ஓட்டத்தில் திருப்பரங்குன்றத்து மலை ஒரு முழம் நகர்ந்து வழிவிட்டதாகச் சொல்கிறார்கள். "மாப்பிள்ளைய ஏத்திக்கிட்டுப் போகையில வண்டி வேற வீட்டுக்குப் போயிருச்சுன்னா யாருண்ணே பதில் சொல்றது?" என்று கேட்டார். நியாயம்தானே?

இப்படிக்கு,
வில்லாகிப்போன மாமன்


மாதுங்கா
12.10.1981

மாமா,

விளையாட்டை நிறுத்துங்கள்.

பக்கத்து வீட்டு ஒச்சாயி அத்தை தபாலாபீசிலிருந்து ட்ரங்க் கால் போட்டாள். விடியக்காலையில் அம்மா காரோடு பேசிக்கொண்டே நடக்கிறாளாம். கையில் அப்பாவுடைய தடி இருக்கிறதாம். நடப்பதும் அப்பா மாதிரியே இடது காலை இழுத்து நடக்கிறாளாம். "ஒங்க அப்பன் அவ மேல எறங்கிட்டான்டீ" என்று அத்தை அழுகிறாள். பின்னால் யாரோ கோடாங்கியைக் கூப்பிட்டு உடுக்கடித்துப் பேயோட்டலாம் என்று சொல்வது எனக்குக் கேட்டது.

இதெல்லாம் தெரிந்தும் நீங்கள் தேங்காய் உருட்டிக்கொண்டு இருந்தீர்களா?

இங்கே மனநோய் டாக்டர் ஒருவரிடம் பேசிவிட்டேன். உடனே கூட்டிவரச் சொல்கிறார். லீவு கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் புறப்பட்டு வருகிறேன். கார் போகாவிட்டால் எடைக்குப் போடுங்கள். அம்மா என்னோடு வருகிறாள். இதில் உங்களைக் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை.

தவமணி


கோச்சடை
16.10.1981

தவமணி,

இந்தக் கடிதத்தில் வேடிக்கை இல்லை. நீ ரயிலேறும் முன் கிடைக்கவேண்டும் என்று எக்ஸ்பிரஸ் தபாலில் போடுகிறேன்.

நேற்று விடிகிற நேரத்தில் வைக்கோல் படப்புக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அக்கா முதலில் கேட்டைத் திறந்து வைத்தாள். பிறகு ஷெட்டுக்குப் போய்க் கார் ஜன்னலுக்குள் கையை விட்டு, சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினாள். எஞ்சின் பிடிக்கவில்லை, ரோட்டார்தான் என்னிடம் இருக்கிறதே. ஆனால் வண்டி முதல் கியரில் கிடந்தது. கியரில் கிடக்கும் வண்டியில் ஸ்டார்ட்டரை அழுத்தினால், பேட்டரி பலத்திலேயே ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினைச் சுற்றும், எஞ்சின் சக்கரத்தைச் சுற்றும். வண்டி நகரும். பழைய ஆட்டோமேட்டிக்கில் இது நடக்காது. கியரில் இருந்தால் அதில் ஸ்டார்ட்டரே வேலை செய்யாது. பெட்டியை மாற்றியவன் நான், கியரில் போட்டு நிறுத்தியவன் நான். பேட்டரி ஏன் இறங்குகிறது என்று யோசிக்காத மடையனும் நானே. இத்தனை வருஷம் பட்டறை வைத்திருக்கிறேன் என்று வெளியே சொல்லாதே.

அவள் பட்டனை அழுத்துவாள், வண்டி கொஞ்சம் நகரும், நிறுத்துவாள், ஏதோ சொல்லுவாள், திரும்ப அழுத்துவாள். தடி கையில் இருந்தது. கால் இழுத்ததும் வாஸ்தவம். புல்லில் பனி. தவமணி, அந்த நடை உன் அம்மா நடை இல்லை.

கேட் பக்கம் வந்ததும் நான் வெளியே வந்தேன். அவள் பயப்படவில்லை. "கால்ல முள்ளு, அதான் தடி" என்றாள். நான், "அக்கா, அது ஸ்டார்ட்டராலதான் நகருது" என்று ஆரம்பித்தேன். அவள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்.

"எனக்குத் தெரியாதாடா? பட்டன அமுக்குனா நகருது, விட்டா நிக்குது. அவரு இருந்தப்பயும் எஞ்சினாலதான் நகர்ந்துச்சு. கூட நடந்து வந்தது அவருல்ல? அது நின்னு போச்சேன்னுதான் நா நடந்தேன். இதுக்கா கோடாங்கியக் கூப்பிடுறீங்க?"

கேட்டில் இடித்துக்கொண்டு நின்ற அந்த வியாழக்கிழமையும் இதே கதைதான், கேட்டைத் திறக்க மறந்திருப்பாள். ஆகப் பேய் இல்லை, பிசாசு இல்லை. அக்காவுக்குப் பைத்தியமும் இல்லை. காரை எடைக்குப் போட்டு அவளை உன் மாடிக்குடித்தனத்தில் கொண்டுபோய் வைத்தால் அப்போது பிடிக்கும். நீ டாக்டரிடம் கூட்டிப்போவதாக இருந்தால் போ. அதற்கு முன் ஒரு விடியக்காலம் நீ அந்தக் கேட் பக்கத்தில் நின்று பார். அதற்குப் பிறகு நீ என்ன சொன்னாலும் நான் குறுக்கே வரவில்லை.

மாமன்


மாதுங்கா
9.11.1981

அன்புள்ள மாமா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். தனியாக வந்ததில் ரயிலில் இடம் தாராளமாக இருந்தது. அம்மாவுக்கு எடுத்த டிக்கெட்டில் என் கைப்பை சொகுசாகக் கால் நீட்டிக்கொண்டு வந்தது.

ஸ்டேஷனில் சரியாகப் பேச முடியவில்லை. நீங்கள் சொன்னபடி ஒரு விடியக்காலம் கேட் பக்கத்தில் போய் நின்றேன். அம்மா என்னைப் பார்த்தாள். "நிக்கிறவ சும்மா ஏன் நிக்கிற, கேட்டப் பிடி" என்றாள். பிடித்தேன். கார் வந்தது. அம்மா கூடவே நடந்து வந்தாள். கிட்டே வந்ததும் கதவைத் திறந்து, "ஏறு. ஒனக்குத்தான் ரெண்டு காலும் நல்லா இருக்கே" என்றாள்.

நீங்கள் ரோட்டாரை மாட்டிக்கொடுத்த பிறகு திருப்பரங்குன்றம் வரைக்கும் ஓட்டினேன். அந்தக் கிளட்ச் எவ்வளவு கனம்! ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் இடது தொடை நடுங்கியது. பழங்காநத்தம் தாண்டுகிறபோது அழுகை வந்துவிட்டது. அப்பா என்னை அந்த சீட்டில் உட்காரவிடாதது, என் கால் அங்கே வேலையில்லாமல் கிடப்பதைப் பார்க்கப் பிடிக்காமல்தானோ என்னவோ. அம்மா பின் சீட்டில் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். முன்னால் என் பக்கத்து இடத்தைக் காலியாக விடச் சொல்லிவிட்டாள். தடியை அதில் வைத்திருந்தோம்.

வண்டி அங்கேயே இருக்கட்டும். வீடும் இருக்கட்டும். டாக்டரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். நான் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து ஓட்டுகிறேன். நீங்கள் அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரியையும்.

ஒன்று மட்டும் கேட்கவேண்டும். முன் பம்பரில் ஒரு கீறல் இருக்கிறதே, அது சௌரிராஜன் ஓட்டிப் பார்த்தபோது ஆனது என்று சொன்னீர்கள். அவரை வழியில் பார்த்தேன். அவர் அந்த வண்டியை ஓட்டவே இல்லையாம். ஓடவும் இல்லையாம், சைக்கிளில் மெதுவாகத்தான் போனாராம். மாமா, நீங்கள் எழுதியதில் எதுதான் நிஜம்?

உங்கள் மருமகள்,
தவமணி


கோச்சடை
18.11.1981

செல்ல மருமகளுக்கு,

விசாரணைக் கூண்டில் ஏற்றிவிட்டாய். சரி, ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்கிறேன்.

வண்டி துவரிமான் வரைக்கும் நீளம் இல்லை. திருப்பரங்குன்றத்து மலை இருந்த இடத்தில்தான் இருக்கிறது. என் முதுகு நேராகத்தான் இருக்கிறது. சோணை யாருக்கும் பயப்படுகிறவன் இல்லை, அவன் பொண்டாட்டியைத் தவிர. தேங்காய் உருட்டினேன், ஆனால் அது எந்தப் பக்கமும் போகவில்லை. உதைத்ததில்தான் ஷெட்டுக்குள் போனது. முத்தையா சாமி குதிரைக் குளம்பைத் தொடவும் இல்லை, அது எனக்கு எட்டாது. வண்டி வாரத்தில் பாதி நாள் கேட்டுக்கு வந்தது என்பதுகூட மிகை, என் அக்கா மூன்று நாலு தடவைதான் நடந்திருப்பாள். எல்லாம் என் கைச்சரக்கு. அவளை உன்னோடு அனுப்பாமல் இருக்க என்னிடம் வேறு ஆயுதம் இல்லை.

ஒரு சின்னத் துண்டு மட்டும் நிஜம். அதை அப்போது எழுதியிருந்தால், நீ அக்காவோடு எனக்கும் சேர்த்து ரயில் டிக்கெட் எடுத்திருப்பாய். அதனால்தான் கேட் திறக்க மறந்திருப்பாள் என்று பூசி மெழுகினேன்.

அந்த வியாழக்கிழமை. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் வண்டியை ஷெட்டில் முதல் கியரில் விட்டு, பேட்டரியைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சார்ஜில் போட்டிருந்தேன். மறுநாள் விடிகிற நேரம் அதைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தேன். கேட் உள்பக்கம் பூட்டியிருந்தது. கம்பி வழியாகப் பார்க்கிறேன், கார் கேட்டில் மூக்கை வைத்து நிற்கிறது. பேட்டரி என் கேரியரில் இருக்கிறது.

அக்காவுக்கு அன்று நல்ல காய்ச்சல். நான் கத்தின கத்தலில்தான் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பூட்டைத் திறந்தாள். பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். பேட்டரி இருக்கவேண்டிய இடம் காலி. கையை உள்ளே விட்டுக் கியரைத் தொட்டுப் பார்த்தேன். முதல் கியரிலேயே கிடந்தது. சோணையும் டீக்கடை ஆட்களும் வந்து பின்னால் தள்ளினோம். அசையவில்லை. நான் ஏறி உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்த பிறகுதான் சக்கரம் உருண்டது. கியரில் கிடக்கும் வண்டி, பேட்டரியும் இல்லாதபோது, கிளட்ச்சை மிதிக்காமல் நகராது தவமணி. மிதிக்க ஒரு இடது கால் வேண்டும்.

பம்பரில் நீ பார்த்தது கேட்டுக் கம்பி பட்ட கீறல்.

அக்கா ரொம்ப நேரம் அந்தக் கீறலைத் தடவிக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே குனிந்து அந்த மூன்றாவது பெடலைப் பார்த்தாள். காய்ச்சலில் சிவந்த முகம், சிரித்த மாதிரி இருந்தது. நான் அன்று எழுதப் பயந்த வார்த்தை இதுதான்:

"போன எடத்துல கால் சரியாயிருச்சு போலடா."

உன் மாமன்,
கருத்தக்கண்ணன்